ஆறாம் மேசைக்காரர் எழுதியது

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி

சென்னைவாசிகள் வேறு எதில் ஒன்றுபட்டாலும் படுவார்கள். எந்த ஹோட்டலில் இட்லி நன்றாயிருக்கும் என்பதில் மட்டும் ஒன்றுபடவே மாட்டார்கள். அடையாற்றில் இருக்கும் என் பெரியப்பா, தம் தெருமுனைக் கடையில் குடிப்பதுதான் காபி, மற்றதெல்லாம் வெந்நீர் என்பார். தியாகராய நகரில் இருக்கும் அத்தையோ, அந்தக் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டபராவைத் தள்ளி வைத்தவர். எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் மாமி, மயிலாப்பூர் மாட வீதிகளைத் தாண்டினால் ரவா தோசை என்ற பெயரைச் சொல்லவே யாருக்கும் உரிமை இல்லை என்று சாதிப்பார். பண்டிகைக்கு மூவரும் எங்கள் வீட்டில் கூடிவிட்டால் பட்டிமன்றம்தான்! நடுவராக இருக்க யாரும் துணிவதில்லை.

நாக்கு ஆளுக்கொன்று என்று சொல்லி இதை விட்டுவிடலாம். ஆனால் ஒரே ஹோட்டலில், ஒரே நாளில், ஒரே அண்டாவிலிருந்து வந்த சாம்பாரை ஒருவர் அமிர்தம் என்றும் இன்னொருவர் உப்புக்கடல் என்றும் சொல்வது எப்படி? ஒரே சர்வரை ஒருவர் “தங்கமான மனிதர்” என்றும், அடுத்த மேசைக்காரர் “மரியாதை தெரியாதவர்” என்றும் சொல்வது ஏன்? இந்தக் கேள்விகளை நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. என் அப்பா மயிலாப்பூரில் ஓர் உணவு விடுதியில் சர்வராக இருக்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே இடத்தில், அதே வேலை. அந்த விடுதியின் பெயர் இங்கே வேண்டாம். அப்பாவின் அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன்.

சர்வர் வேலை என்றால் சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். நம் நகரத்தின் ஹோட்டல் சரித்திரத்தை அறிந்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். உடுப்பிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்த கே. கிருஷ்ணராவ் என்பவர், ஹோட்டல்களில் எடுபிடி வேலை செய்து வாழ்க்கையைத் தொடங்கியவர். அவரே 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலையும், 1952இல் இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் நியூ உட்லண்ட்ஸையும் நிறுவினார். 1962இல் கதீட்ரல் சாலையில் மரங்கள் அடர்ந்த தோட்டத்தில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் தொடங்கியது. காரை விட்டு இறங்காமலேயே ஜன்னலில் மாட்டிய தட்டில் தோசை சாப்பிடலாமாம்! நான் பிறப்பதற்கு முன்பே, 2008இல், அது மூடப்பட்டுவிட்டது. அந்த இடத்தில்தான் 2010இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. நம் பள்ளியிலிருந்து சுற்றுலா போனபோது அந்த மர நிழலில் உட்கார்ந்துதான் நாங்கள் கட்டுச்சோறு சாப்பிட்டோம். அந்த டிரைவ்-இன்னில் ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு காலை முழுதும் பேசிக்கொண்டிருக்கலாம், யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள் என்று பெரியப்பா இன்றும் பெருமூச்சு விடுவார். அவர் சொல்வதில் தோசையைப் பற்றிய பேச்சு பாதிதான். மீதிப் பாதி அங்கே கிடைத்த நிம்மதியைப் பற்றியது. 1964இல் நாகேஷ் நடித்து வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தை இன்றைக்கும் பாட்டிமார் தொலைக்காட்சியில் விடாமல் பார்க்கிறார்கள். ஆகவே சர்வர் என்பவர் தமிழருக்கு அந்நியரல்லர். நம் வீட்டு மனிதரைப் போன்றவரே.

சென்ற ஆண்டு பங்குனி மாதம் அப்பாவுக்கு ஒரு சோதனை வந்தது. அந்த விடுதியில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் சங்கிலியால் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும். ‘வாடிக்கையாளர் கருத்து’ என்று அட்டையில் எழுதியிருக்கும். ஒருநாள் இரவு அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். அம்மா கேட்டுக் கேட்டுக் கடைசியில் சொன்னார்: “புஸ்தகத்துல என்னைப் பத்தி நாலு பேர் எழுதிட்டாங்க. இன்னும் ஒண்ணு வந்தா மேசைப் பக்கமே வரவேணாம், பின்கட்டுல பாத்திரம் பக்கம் போயிடுன்னு முதலாளி சொல்லிட்டார்.” பாத்திரம் தேய்க்கும் இடத்துக்குப் போனால் சம்பளமும் குறையும்; மேசையில் கிடைக்கும் டிப்ஸும் நின்றுவிடும். எங்கள் வீட்டில் மாதாந்தர பட்ஜெட்டில் பால் கணக்கும் என் டியூஷன் கட்டணமும் அந்தச் சில்லறையிலிருந்துதான் போகின்றன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மதியச் சந்தடி ஓய்ந்த நேரத்தில், நான் அந்த விடுதிக்குப் போனேன். கல்லாவில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டு அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அடடா, எத்தனை விதமான மனிதர்கள்!

“பொங்கல் பிரமாதம். நெய் மணக்கிறது.” இது காலை ஏழு மணிக்கு எழுதியது. “பொங்கல் களிமண் மாதிரி இருந்தது.” இது அதே நாள் பத்தரை மணிக்கு! “சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது.” “சாம்பார் கெட்டியாக, வீட்டுச் சாம்பார் போல இருந்தது. நன்றி.” “காபி முதல் தரம்.” “காபியா இது?” ஒருவர் மின்விசிறி ஓடவில்லை என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார். ஒரு சிறுமி பூரியின் படம் வரைந்து, அதற்குக் கண்ணும் வாயும் போட்டிருந்தாள்.

முதலில் உணவைப் பற்றிய முரண்பாடுகளை அப்பாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார். “ரெண்டு பேரும் சொல்றது நிஜம்தாம்மா” என்றார். பிறகு அவர் விளக்கியதை எங்கள் அறிவியல் பாடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், எல்லாம் பொருந்தியது.

பொங்கல் இறக்கிய சூட்டில் குழைவாக இருக்கும். ஆற ஆற அரிசியும் பருப்பும் ஈரத்தை இழுத்துக்கொண்டு இறுகிவிடும். ஏழு மணிக்காரர் சாப்பிட்டது ஒன்று. பத்தரை மணிக்காரர் சாப்பிட்டது வேறொன்று. சாம்பாரில் பருப்பு அடியில் தங்கும். வாளியைக் கலக்காமல் மேலாக மொண்டால் தண்ணீராக வரும். வாளி காலியாகும் தறுவாயில் வந்தவருக்கு எல்லாப் பருப்பும் போய்ச் சேரும். அடுப்பிலேயே வெகுநேரம் இருந்தால் நீர் வற்றி உப்பு தூக்கலாகும். அதைச் சரிக்கட்ட வெந்நீர் விட்டால் அடுத்தவருக்குச் சப்பென்றிருக்கும். இட்லி மாவைப் புளிக்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். சித்திரை வெயிலில் அவை அவசரப்படும். மார்கழிக் குளிரில் சோம்பும். சரக்கு மாஸ்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இட்லி ஆண்டு முழுதும் ஒரே மாதிரி இருக்காது.

காபியும் அப்படியே. பில்டரில் முதலில் இறங்கும் டிகாக்‌ஷன் திக்காக இருக்கும். அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கியது இளைத்திருக்கும். கூட்டம் நெரிக்கும் நேரத்தில் யாருக்கு எது கிடைக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். தோசைக்கல்லும் மனிதர் மாதிரிதான். அளவுக்கு மீறிச் சூடானால் மாவைப் பரவ விடாது. தண்ணீர் தெளித்து அடக்க வேண்டும். இடைவிடாமல் தோசை வார்த்துக்கொண்டே இருந்தால் சூடு இறங்கி, தோசை வெளுத்துப்போய் வரும். சாப்பிடுகிறவரின் நிலைமையும் உண்டு. ஜலதோஷம் பிடித்தவருக்கு மணம் தெரியாது. மணம் தெரியாவிட்டால் சுவையில் பெரும்பகுதி போய்விடும். அவர் எந்த ஹோட்டலுக்குப் போனாலும் “சப்பென்று இருக்கிறது” என்றுதான் எழுதுவார்!

இனி, கூட்டத்தைப் பற்றி. மயிலாப்பூரில் எல்லா நாளும் ஒரே நாள் அல்ல. பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் புறப்பாட்டன்று மாட வீதிகளில் நடக்க இடமிருக்காது. மார்கழியில் கச்சேரி கேட்க வருபவர்கள் சபா கேன்டீன்களில் நிறைந்து, மீதிப் பேர் தெருவிலுள்ள ஹோட்டல்களையும் நிறைத்துவிடுவார்கள். தீபாவளிக்கு முன் ரங்கநாதன் தெருவில் துணி வாங்கியவர்கள் பசியோடும் பைகளோடும் தியாகராய நகர் ஹோட்டல்களின் வாசலில் நிற்பார்கள். அருண்டேல் தெருவிலுள்ள ராயர் மெஸ் மிகச் சிறிய இடம். ஆனாலும் சாப்பிடுகிறவர் எழும்வரை தெருவில் சிரித்த முகத்தோடு காத்திருப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். காத்திருப்பதே அங்கே ஒரு வைபவம் போல் இருக்கிறது. அதே மனிதர்கள் வேறு ஹோட்டலில் பத்து நிமிடம் காக்க நேர்ந்தால் கோபித்துக்கொள்கிறார்கள். என்ன கிடைக்கும் என்று முன்பே தெரிந்து காப்பதும், ஏன் தாமதம் என்றே தெரியாமல் காப்பதும் ஒன்றல்ல போலும்.

இப்போது இன்னொரு புதுக் கூட்டமும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. கைப்பேசியில் ஆர்டர் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களின் கூட்டம் அது. முதுகில் பெரிய பை மாட்டிய அண்ணன்மார் பார்சல் வாங்க வரிசையில் நிற்கிறார்கள். மேசையில் இருப்பவர் கண்ணெதிரே தோசைகள் அடுக்கடுக்காகப் பொட்டலமாகிப் போகின்றன. “நான் முன்னால வந்தேன், எனக்கு வரலை, அது மட்டும் போகுதே!” என்று அவர் சர்வரிடம்தான் சத்தம் போடுவார். தோசைக்கல் ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியாது. வரிப் பணத்துக்கும் சர்வரே ஏச்சு வாங்குவார். 2017 நவம்பர் முதல் சாதாரண உணவகங்களில் நூற்றுக்கு ஐந்து வீதம் சரக்கு சேவை வரி சேர்கிறது. அதை விதித்தவர் அப்பா அல்லவே!

இத்தனையும் உணவைப் பற்றி. ஆனால் அப்பாவைப் பற்றி எழுதிய நால்வரும் உணவைக் குறை சொல்லவில்லை. அவர்கள் எழுதியதை நான் தனித் தாளில் பெயர்த்து எழுதிக்கொண்டேன். “மூன்று முறை கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.” “சட்னி கேட்டால் காதில் விழாதது போல் நிற்கிறார்.” “இந்த சர்வருக்குத் திமிர் அதிகம்.” நான்காவது, மேசை எண்ணையும் குறித்திருந்தது: “ஆறாம் மேசையிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் நல்ல உடை உடுத்தி வரவில்லை என்பதால் எங்களை மதிக்கவில்லை.”

கடைசி வரி என்னை உறுத்தியது. அப்பா அப்படிப்பட்டவர் அல்லர் என்று நான் சொன்னால், மகள் சொல்கிறாள் என்பார்கள். எனவே வேறு வழியில் யோசித்தேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் எங்களுக்குப் புள்ளியியல் உண்டு. தகவலைச் சேர்த்தால் மட்டும் போதாது, வகைப்படுத்தினால்தான் அது பேசும் என்று எங்கள் கணக்கு ஆசிரியை அடிக்கடி சொல்வார். மற்ற மூவர் எந்த மேசையில் உட்கார்ந்தார்கள்? ஒவ்வொரு கருத்தின் கீழும் தேதியும் நேரமும் இருந்தன. கல்லாவில் இருந்தவர் அந்தத் தேதிகளின் பில் அடிக்கட்டைகளை எடுத்துக் கொடுத்தார். பில்லில் மேசை எண் இருக்கும். ஐந்து, ஆறு, ஆறு, ஏழு என்று வந்தது.

அப்பா பார்ப்பவை மூன்றிலிருந்து ஏழு வரை ஐந்து மேசைகள். அதே புத்தகத்தில் மூன்றாம் மேசைக்காரர் ஒருவர், “பெரியவரின் உபசரிப்பு மறக்க முடியாதது” என்று எழுதியிருந்தார். நான்காம் மேசையில் தினமும் சாப்பிடும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அப்பா விடுமுறை எடுத்தால் வீட்டுக்கே ஆள் அனுப்பி விசாரிப்பவர். மூன்றிலும் நான்கிலும் தங்கமான மனிதர், ஐந்திலும் ஆறிலும் ஏழிலும் திமிர் பிடித்தவர்! இது எப்படி?

மறுநாள் மாலை நான் விடுதிக்குப் போய் ஓரமாக நின்று பார்த்தேன். வேலை இல்லாத நொடிகளில் அப்பா ஒரு தூணுக்கு அருகில், வாசலைப் பார்த்தபடி நிற்பார். மூன்றும் நான்கும் அவருக்கு வலது கைப்பக்கம். ஐந்து, ஆறு, ஏழு, சுவரோரமாக, இடது கைப்பக்கம். நான் ஆறாம் மேசையருகே போய், மெதுவாகவும் அல்லாமல் உரக்கவும் அல்லாமல், “அப்பா” என்றேன். அவர் திரும்பவில்லை. வலப்பக்கம் போய் அதே குரலில் கூப்பிட்டேன். சட்டென்று திரும்பி, “எப்ப வந்தே கண்ணு?” என்றார்.

அன்று இரவு அம்மாவும் நானும் கேட்டபோது அவர் ஒப்புக்கொண்டார். இடது காது ஐந்தாறு ஆண்டுகளாகச் சரியாகக் கேட்பதில்லையாம். சின்ன வயதில் சீழ் வடிந்த காது அது. சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. பேசுகிறவர் உதடுகளைப் பார்த்தே பாதி ஆர்டரை எழுதிக்கொள்வாராம். “சாம்பாருக்கும் சக்கரைக்கும் உதடு வேற மாதிரி அசையும்” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

அரசு மருத்துவமனையில் காதைச் சோதித்தார்கள். செவிப்பறையில் பழைய துளை இருக்கிறது; கேள்திறன் குறைந்திருக்கிறது என்று மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டையும், நான் போட்ட சிறு அட்டவணையையும் எடுத்துக்கொண்டு அப்பா முதலாளியிடம் போனார். நானும் உடன் சென்றேன். முதலாளி கெட்டவர் அல்லர். கடையில் எதையும் கணக்காகச் சொன்னால் கேட்பவர். அட்டவணையை இரண்டு தரம் பார்த்தார். எழுந்து போய்த் தூணருகே தாமே நின்று பார்த்தார். பிறகு, “நாளையிலேருந்து எதிர்ச் சுவர்ப் பக்கம் நில்லும், ஐந்து மேசையும் உம்ம வலது கைப்பக்கம் வர்ற மாதிரி மாத்திக்கலாம். இதை அஞ்சு வருஷம் ஏன்யா மறைச்சீர்?” என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலைப் பாத்திரம் தேய்க்கும் பின்கட்டுதான் சொல்ல வேண்டும்.

இடம் மாறியபின் இந்த மார்கழி முடிய அப்பாவைப் பற்றி ஒரு புகார்கூட அந்தப் புத்தகத்தில் ஏறவில்லை. சாம்பாரைப் பற்றி வழக்கம்போல் ஏறிக்கொண்டிருக்கிறது! காது கேட்கும் கருவிக்காக அம்மா ஒரு டப்பாவில் பணம் சேர்த்து வருகிறார்.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டால் அது நியாயமாகாது. சாப்பிட வருகிறவரும் உழைத்துச் சம்பாதித்த காசைத்தான் கொடுக்கிறார். என் அக்காள் கல்லூரியில் சேர்ந்த மகிழ்ச்சியில் நாங்கள் ஐவரும் ஒருமுறை தியாகராய நகரில் ஒரு பெரிய விடுதிக்குப் போனோம். கை கழுவும் இடத்தருகே உள்ள மூலை மேசையைக் காட்டினார்கள். நாங்கள் இரண்டு நெய் ரோஸ்ட் சொல்லிப் பங்கிட்டுக்கொண்டதைப் பார்த்துப் பரிமாறியவர் முகம் மாறிவிட்டது. தண்ணீர் கேட்டு நெடுநேரம் ஆகியும் வரவில்லை. சாப்பிட்டு முடிக்குமுன்பே பில் வந்து மேசையில் விழுந்தது. அக்காளின் கண்கள் கலங்கியதை நான் பார்த்தேன். ஆகவே, “மதிக்கவில்லை” என்று எழுதிய ஆறாம் மேசைக்காரரின் வலி எனக்குப் புரிகிறது. அவர் சொன்ன காரணம் தவறாக இருக்கலாம். அவர் பட்ட வலி பொய்யல்ல.

நம் உரிமைகளையும் நாம் அறிந்திருக்க வேண்டும். உணவகங்கள் பில்லில் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே சேர்க்கக் கூடாது, கொடுப்பதும் கொடுக்காததும் சாப்பிடுகிறவர் விருப்பம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அறிவித்தது. ஹோட்டல் சங்கங்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்த அறிவிப்பு சரியே என்று தீர்ப்பளித்தது. குறை இருந்தால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். அழுக்கு டம்ளர், ஊசிப்போன சட்னி, தவறான கணக்கு ஆகியவற்றைப் பொறுத்துப் போக வேண்டியதில்லை. சொன்னால்தான் திருந்தும். அப்பாவும் இதையே சொல்வார்.

பரிமாறுகிறவருக்கும் சட்டம் உண்டு. உணவு விடுதிகளில் வேலை நிலைமையை முறைப்படுத்த 1958ஆம் ஆண்டிலேயே நம் மாநிலத்தில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2021இல் கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாளர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. நாள் முழுதும் நின்ற துணிக்கடை அக்காமாருக்கு அது பெரிய ஆறுதல். ஹோட்டலிலும் நாற்காலிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் அவை சாப்பிட வருபவருக்கு! இரவு வீடு திரும்பியதும் அப்பா வெந்நீரில் காலை ஊற வைத்துக்கொள்வார். அந்த நேரத்தில்தான் நான் அவருக்குப் பாடம் ஒப்பிப்பேன். அவரது வலப்பக்கம் உட்கார்ந்து.

இப்போது விடுதிகளில் பரிமாறும் தம்பிமார் பலர் பீகார், ஒடிசா, அசாம் என்று தொலைதூரத்திலிருந்து வந்தவர்கள். “கொஞ்சம் கெட்டிச் சட்னி”, “சக்கரை கம்மியா ஒரு காபி”, “சாம்பார் தனியா” என்பதெல்லாம் அவர்களுக்கு எப்படிப் புரியும்? புரியாமல் விழிப்பதையும் சிலர் திமிர் என்றே எழுதுகிறார்கள். என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு வீட்டில் இந்தி பேசும் வழக்கம். அவளும் நானும் சேர்ந்து, மேசையில் அடிக்கடி கேட்கும் நாற்பது சொற்களைத் தமிழிலும் இந்தியிலும் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தோம். ‘ஆறிப்போச்சு’ என்பதைப் புரியவைக்கத்தான் பெரும்பாடு பட்டோம்! அந்த அட்டை இன்று காபி மாஸ்டரின் தலைக்கு மேலே ஒட்டியிருக்கிறது. ‘வெந்நீர்’ என்ற சொல்லுக்கு அடியில் யாரோ இரண்டு கோடு போட்டிருக்கிறார்கள்.

விருந்தோம்பலுக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். வீட்டுக்கு வரும் விருந்தாளியை மனத்தில் வைத்து எழுதியது அது. ஹோட்டலில் விருந்தாளி பணம் கொடுக்கிறார். பரிமாறுகிறவர் சம்பளம் வாங்குகிறார். ஆனால் பசியும் முகமும் இரண்டு இடத்திலும் ஒன்றே. 2013இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் தொடங்கியபோது ஓர் இட்லி ஒரு ரூபாய். அங்கே வரிசையில் நிற்பவருக்கும், நட்சத்திர ஹோட்டலில் பட்டுத் துண்டு விரித்து உட்காருபவருக்கும், தட்டை வைக்கிறவர் முகம் கடுகடுத்தால் தொண்டையில் இறங்காது. தட்டை வைக்கிறவருக்கும் அப்படியே. கை சொடுக்கி அழைத்தால் அவருக்கும் மனம் ஒடியும்.

தோழியரே, பெற்றோர்களே! அடுத்த முறை ஹோட்டலுக்குப் போகும்போது சில சின்னக் காரியங்களை நினைவில் வையுங்கள். தோசை ஆறியிருந்தால் சாப்பிட்டு முடித்தபின் புத்தகத்தில் எழுதுவதைவிட, அப்போதே சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். புகார் எழுதினால் நேரத்தையும் மேசை எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். ஆறாம் மேசைக்காரர் அந்த எண்ணை எழுதியிராவிட்டால், அப்பாவின் காதைப் பற்றி எங்கள் வீட்டுக்கே தெரிந்திருக்காது. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. கோபத்தில் எழுதினாலும் குறிப்பாக எழுதியதற்காக அவருக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று. கூப்பிட்டவர் திரும்பவில்லையென்றால், அவர் உங்களை மதிக்கவில்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். கையைச் சற்று உயர்த்திக் காட்டுங்கள். கண்ணில் பட்டால் அப்பா நிச்சயம் வருவார்.